இருப்பும் ஓட்டமும்: கம்மாபுரம் குறிப்புகள்

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்து நிலத்தை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். மேலே ஒரு முழத்துக்குள் வேர் ஓடும் மண். முதனைப் பக்கம் முந்திரி நிற்கும் செம்மண்; தெற்கே சேத்தியாத்தோப்பை நோக்கிப் போகப்போக நெல் விளையும் களி. அதற்குக் கீழே கடலூர் மணற்கல். அதனோடு அங்கங்கே வெள்ளைக் களிமண். விருத்தாசலத்துச் செராமிக் சூளைகளில் பொம்மையாகவும் ஃபியூஸ் கட்டையாகவும் வேகிற ஜாதி. அதற்கும் கீழே பழுப்பு நிலக்கரி. நிலக்கரிக்கு அடியில், அழுத்தத்தோடு கிடக்கும் தண்ணீர். சுரங்கத்தின் தரை அந்த அழுத்தத்தில் வெடித்துவிடாமல் இருக்க இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

1935-இல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பார்கள். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1962-இல் மின்சாரம் வந்தது. மற்றதெல்லாம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

*

பசுமைப் புரட்சி எங்கிருந்தோ வந்தது என்றுதான் பொதுவாக எழுதுகிறோம். பிலிப்பைன்ஸ், ஃபோர்டு, ராக்பெல்லர் என்று பெயர் அடுக்குகிறோம். கம்மாபுரம் ஒன்றியத்துக்கு அதில் ஒரு பாதி கூப்பிடு தூரத்திலிருந்தே வந்தது. ஐ.ஆர்.8 நெல் வெளியான 1966-ஆம் வருஷமே நெய்வேலியில் யூரியாத் தொழிற்சாலையும் ஓடத் தொடங்கியது. மூலப்பொருள் நம் பழுப்பு நிலக்கரிதான். அதை வாயுவாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனோடு கூட்டி, வெள்ளைக் குருணையாக்கி மூட்டை பிடித்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 பரவியதும் அப்போதுதான். ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகம் யூரியா உப்பைத் தின்று சாயாமல் நின்றது. தலை உயர்ந்த பழைய ரகங்களுக்கு அதே உப்பைப் போட்டால் கதிர் வாங்கும் முன்னே படுத்துவிடும். ஆக விதையும் உரமும் தனித்தனிச் சரக்கு அல்ல, ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள்.

பிறகு மின்சாரம். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. பயிருக்கு அது பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். வயலுக்கு அடியில் கிடந்த கரி யூரியாவாகி வயலுக்கு மேலே விழுந்தது. அதே கரி மின்சாரமாகி, வயலுக்கு அடியில் கிடந்த தண்ணீரை மேலே இழுத்தது. வெளியே இருந்து வந்ததாகத் தோன்றிய விளைச்சலில் நல்ல பங்கு கீழே இருந்து வந்ததுதான்.

அந்த யூரியாத் தொழிற்சாலை மூடிப் பல வருஷமாகிறது. இப்போது மூட்டை வேறு எங்கிருந்தோ வருகிறது. பழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

*

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல் 1945-இல் வந்தது. வேறோர் இடத்தில் அவர் பொருளாதாரத்தை இரண்டாகப் பிரிக்கிறார். கரி, எண்ணெய், தாது போல எடுக்க எடுக்கக் குறைவதைத் தின்று வாழ்வது ஒன்று; மழை, காடு, ஓடும் தண்ணீர், வளரும் பயிர் போல வந்துகொண்டே இருப்பதிலிருந்து எடுத்து வாழ்வது இன்னொன்று. இருப்பு, ஓட்டம் என்று நான் எழுதிக்கொள்கிறேன். முதல் வகை முடிவில் சண்டையில்தான் போய் நிற்கும் என்பது அவருடைய கவலை.

நெய்வேலியில் சுரங்கம் வெட்டுவதற்குப் பத்து வருஷத்துக்கும் மேலாக முன்பே யோசித்தது இது. இயற்கை விவசாயம் என்றதும் சாணமும் கோமியமும் பேச்சுக்கு வந்துவிடுகின்றன. எனக்கோ அது இருப்பிலிருந்து ஓட்டத்துக்கு நகர்வது என்று படுகிறது. சாணம் அந்த வழியில் ஒரு படி, அவ்வளவுதான். பஞ்சகவ்யா டின்னை ஆன்லைனில் தருவித்து, ஆயிரம் அடி போரில் தண்ணீர் இறைத்து, விளைந்ததை வெளிநாட்டுக்குக் கப்பல் ஏற்றினால் அது சான்றிதழ் பெற்ற இயற்கை விவசாயம் ஆகலாம். குமரப்பாவின் கணக்கில் எந்தப் பக்கம் விழும்?

*

யூரியாவில் நைட்ரஜன் நூற்றுக்கு 46. ஒரு மூட்டை 45 கிலோ. முன்பு 50 இருந்தது, 2018-இல் குறைத்தார்கள். அப்படியானால் மூட்டைக்குள் இருபது கிலோவுக்குச் சற்றே கூடுதலாக நைட்ரஜன். நெற்பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் மேலே. ஏழெட்டுக் கிலோ. மற்றது ஆவியாகி மேலே போகிறது, நைட்ரேட்டாகி அடித்தண்ணீரில் இறங்குகிறது, நைட்ரஸ் ஆக்சைடாகிக் காற்றில் நிற்கிறது. அந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு.

விருத்தாசலம் மணிமுத்தாற்றில் சுந்தரர் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற வேலைதான் யூரியாவும். சுந்தரருக்குப் போட்டது முழுதும் கிடைத்தது.

மூட்டை விலை 266 ரூபாய் 50 காசு. பல வருஷமாக அப்படியே நிற்கிறது. மிச்சத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. 2010-க்குப் பிறகு டி.ஏ.பி., பொட்டாஷ் விலைகள் ஏறின, யூரியா ஏறவில்லை. மலிவாக இருப்பதைத்தானே கை அதிகம் அள்ளும்? பயிர் மஞ்சளாகத் தெரிந்தாலே ஒரு அரை மூட்டை வீசுகிற வழக்கம் விவசாயியின் அறியாமையால் வந்ததில்லை. விலையே அதைச் சொல்லிக் கொடுத்தது.

*

யூரியாவை நிறுத்தினால் என்ன ஆகும்?

முதல் வருஷம் பயிர் வெளுக்கும். பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கும்போது நம் வயல் இளமஞ்சளாக நிற்கும். வரப்பில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்னா, பயிரு பட்டினி கெடக்குது?" என்பார்கள். மண்ணில் நுண்ணுயிர் குறைவு, மட்கு குறைவு. உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்க ஆளில்லை. தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கிற பருவத்தில், சுமார் 45-ஆம் நாளில், மடக்கி உழ வேண்டும். கோடையில் ஆட்டுக்கிடை போட வேண்டும். சணப்பு, கொளுஞ்சி, வேலியில் கிளைரிசிடியா. இரண்டாம் வருஷம் மண்புழு எருக்கட்டி தெரியும். விளைச்சல் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது. மூன்றாம் வருஷம்தான் மூச்சு வரும். சான்றளிப்பு விதிகளும் இந்த இடைக்காலத்தை ஒப்புக்கொள்கின்றன. பருவப் பயிருக்கு இரண்டு வருஷம், முந்திரி போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று.

ஒரே மூச்சில் செய்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அந்நாட்டு அரசு தடை செய்தது. இடைக்காலம் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு பின்னால் நின்றது. முன்னால் வைத்த பெயர் இயற்கை விவசாயம். நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் பெரும்போகம் அடிபட்டுவிட்டது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் நெல் போட்டவர்கள் அந்தச் செலவைச் சுமந்தார்கள். அதைக் காட்டி இயற்கை விவசாயமே பொய் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு: இருப்பைத் தின்று பழகிய மண்ணை ஒரு அரசாணையால் ஓட்டத்துக்கு மாற்ற முடியாது. ஆந்திரத்தில் 2016 முதல் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாக ஊர் ஊராகச் செய்கிறார்கள். மெதுவாகத்தான் போகிறது. மெதுவாகத்தான் போக முடியும்.

*

ஓட்டத்தில் வளரும் பயிருக்கு உதாரணமாக, உளுந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தை விசிறிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். வயலில் தண்ணீர் நிற்கக் கூடாது; கால் வைத்தால் பதிய வேண்டும், ஆனால் சேறு ஒட்டக் கூடாது. அந்த மெழுகு பதம் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அதற்குள் விதைத்துவிட வேண்டும். அரிவாளோடு ஆள் இறங்கும்போது உளுந்து இரண்டிலை விட்டிருக்கும். மிதித்தாலும் நிமிர்ந்துகொள்ளும். பிறகு உழவில்லை, உரமில்லை, பாய்ச்சலில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தை மாசிப் பனியும் போதும். எழுபது நாளில் காய் கறுக்கும். வேர் முடிச்சில் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. தொழிற்சாலையில் பெரிய அழுத்தமும் பெரிய சூடும் கொடுத்துச் செய்யும் அதே வேலைதான். இங்கே கரி இல்லை, சத்தமும் இல்லை.

அறுவடை எந்திரம் வந்தபோது இந்த ஏற்பாடு முறிந்தது. எந்திரம் இறங்க வயல் காய்ந்து இறுக வேண்டும், அதனால் தண்ணீரை முன்னதாகவே வடிக்கிறார்கள். வடித்தால் உளுந்துக்கு மெழுகு பதம் கிடைக்காது. வடிக்காமல் விதைத்தால் பெல்ட் வண்டி முளையை அரைத்துவிடும். டயர் வண்டி வந்தால் பள்ளமே விழும். வைக்கோல் துண்டாகித் திட்டுத் திட்டாக விழுந்து, முளைத்ததை மூடுகிறது. அதை உருளையாகக் கட்டி எடுக்க இன்னொரு எந்திரம் வர, இன்னொரு மிதி. எந்திரம் போன பிறகு விதைக்கலாமே என்றால் ஈரம் போய்விட்டிருக்கும்.

யாரும் உளுந்தை எதிர்த்து எதுவும் செய்யவில்லை. எந்திரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை, ஆளுக்கு நாளைக்கு இவ்வளவு என்று கூலி. கணக்குப் போட்டால் எந்திரம்தான் மலிவு. அந்தக் கணக்கில் உளுந்து ஒரு வரியாகக்கூட வருவதில்லை. அது பிடித்துத் தந்த நைட்ரஜனும் வருவதில்லை, மாட்டுக்குப் போன உளுந்துப் பொட்டும் வருவதில்லை. இந்தத் துறையில் பெரும்பாலான இழப்புகள் இப்படித்தான் நடக்கின்றன, கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே.

இப்போதும் சிலர் ஓரத்து வயலை மட்டும் ஆள் விட்டு அறுக்கிறார்கள். வீட்டுக்கு இட்லிக்கு உளுந்து வேண்டுமாம்.

*

'அந்தக் காலத்தில்' என்று தொடங்கும் பேச்சை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். அந்தக் காலத்து எருக்குழியை வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோனது யார்? பண்ணையாள். அவருக்கு நிலம் இல்லை. கூலியும் நெல்லாக, அளக்கிறவர் மனம் போல. களை பறித்த பெண்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்கும் திருப்பூருக்கும் போனதை விவசாயத்தின் சரிவு என்று எழுதுகிறவர்கள், போனவர்களைக் கேட்டு எழுதுவதில்லை.

களைக்கொல்லி ஏன் வந்தது என்பதற்கு விடையில் பாதி இங்கே இருக்கிறது. கைகள் விலகின, விலகியது நியாயம். இயற்கை விவசாயத்துக்குக் கை அதிகம் வேண்டும் என்பது உண்மை. அந்தக் கைக்கு என்ன மரியாதை, என்ன கூலி என்று பேசாமல் மரபுக்குத் திரும்பச் சொன்னால், கூப்பிட்ட குரலுக்கு யாரும் வர மாட்டார்கள். களையெடுக்கும் கோனோவீடர் உருட்டுவதும் ஒற்றை நாற்று நடுவதும் கயிறு பிடித்து வரிசை போடுவதும் கற்ற வேலை. அதற்குத் தனிக் கூலி தர விளைபொருளுக்கு விலை வேண்டும். பேச்சு கடைசியில் விலையில்தான் போய் நிற்கிறது, அதற்கு வருகிறேன்.

*

இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார் வேளாண்மை படித்தது நமக்குப் பக்கத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். 1969-இல் விட்டுவிட்டு வெளியே வந்தார். மானாவாரிக்காரனுக்கு இடுபொருள் செலவை ஏற்றி என்ன ஆராய்ச்சி என்பது அவர் கேள்வி. பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராக நடந்தார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பயணத்தில் இறந்தார். அதற்குச் சரியாக இரண்டு வருஷம் முன்பு அதே தேதியில் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறி, முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. இந்த மாவட்டத்தில் அந்தத் தேதி வந்தால் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

ஆராய்ச்சி நிலையங்களை எதிரியாக நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையிலும் எள்ளிலும் முந்திரியிலும் வி.ஆர்.ஐ. ரகங்களைத் தந்தது. மானாவாரியில் தாங்குகிற மல்லாட்டை, வேர் முடிச்சுள்ள பயிர். அதுவும் ஓட்டத்தின் கணக்கில்தான் வரும். அதே நேரம் விருத்தாசலம், திட்டக்குடி, உளுந்தூர்பேட்டை மானாவாரியில் வரகு சுருங்கி மக்காச்சோளம் படர்ந்தது. வரகு மனிதன் தின்னும் தானியம். மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் கோழிக்குப் போகிறது. 2018-இல் படைப்புழு வந்தபோது மக்காச்சோளக்காரர்கள் மருந்தடித்துக் களைத்தார்கள். முட்டை தின்கிற நான் அதில் சம்பந்தப்படாதவன் அல்ல.

*

2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்கள் அதில் உண்டு: காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. கம்மாபுரம் இல்லை.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது என்றார்கள் விவசாயிகள். கதிர் வரவிருந்த நெல்லை மண் அள்ளும் வண்டி புரட்டிய படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன.

இதை அரசியலாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு உறுத்துவது அந்த மூன்று வருஷம். மண்ணைத் தேற்ற மூன்று வருஷம் வேண்டும். நாலாம் வருஷம் இந்த மண் நம்முடையதா என்பதே தெரியாதவன் எதை நம்பித் தக்கைப்பூண்டு விதைப்பான்? குத்தகைக்காரனுக்கும் இதே கேள்விதான், வேறு உருவத்தில். யூரியா அதே பருவத்திலேயே பலன் தரும். நாளை நிச்சயமில்லாதவனுக்கு அதுதான் புத்திசாலித்தனம். மண்வளம் என்பது நில உரிமையின் ஒரு பகுதி என்று வேளாண்மைத் துறையின் துண்டறிக்கை எதிலும் நான் படித்ததில்லை.

சுரங்கம் விரிவது எதற்காக? மின்சாரத்துக்காக. நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரிக்கும் போகிறது. நுகர்வைக் குறைப்பது என்றால் துணிப்பையும் சொட்டுநீரும் என்று நிறுத்திக்கொள்கிறோம். சென்னையில் ஒரு குளிர்சாதனம் இருபத்துநாலு டிகிரியில் ஓடுவதும், இங்கே ஒரு வயலுக்குக் கையகப்படுத்தும் அறிவிப்பு வருவதும் ஒரே கம்பியின் இரு முனைகள். இருப்பைத் தின்பவர்களில் விவசாயி சிறிய கை. பெரிய கைகளுக்கு வயலே தெரிவதில்லை.

*

விலைக்கு வருகிறேன்.

2025-26 பருவத்துக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. ஊக்கத்தொகை சேர்த்துத்தான். அங்கே நெல்லுக்கு இந்த இரண்டு பெயர்தான். பாரம்பரிய ரகங்களான மாப்பிள்ளைச் சம்பா கொண்டுபோனாலும் காட்டுயானம் கொண்டுபோனாலும் சாதாரண ரகம். ஈரப்பதம் பார்க்கிற கருவி 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று சொல்லும். அந்த நெல் எத்தனை மூட்டை யூரியா தின்றது என்று சொல்லாது. ஆறு மாதம் வயலில் நின்று, ஏக்கருக்குப் பாதி விளைந்த நெல்லை அந்த விலைக்குப் போட யாருக்கும் கட்டாது.

அரசு இயற்கை வேளாண் கொள்கையை 2023 மார்ச்சில் வெளியிட்டது. 2024-இல் தக்கைப்பூண்டு விதை கொடுக்கும் திட்டம் வந்தது. நல்ல தொடக்கங்கள். விதை கிடைக்கிறது, கரைசலுக்கு டிரம் கிடைக்கிறது. விளைந்ததைத் தனியாக வாங்கும் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை.

திறக்கும்வரை ஒரு சின்னக் கணக்கு. இடைக்கால வயலில் ஏக்கருக்கு ஒரு டன் நெல் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அரைத்தால் அறுநூறு கிலோவுக்குக் குறையாமல் அரிசி வரும். மாதம் 25 கிலோ சிப்பம் தீர்க்கிற ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு முந்நூறு கிலோ. அதாவது மூன்று வருஷம் தாக்குப்பிடிக்க ஒரு ஏக்கருக்கு வேண்டியது இரண்டு வீடுகள். விருத்தாசலத்திலோ நெய்வேலி நகரியத்திலோ இரண்டு வீடுகள், ஆடியில் பாதிப் பணம் கொடுத்து, தையில் நெல்லாக வாங்கிக் காயவைத்து, தேவைக்கு அரைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் போதும். மழையில் பயிர் போனால் அந்த நஷ்டத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். இங்கேதான் பேச்சு முறிகிறது. அரிசி வேண்டும் என்கிறவர்கள் நிறைய. வெள்ளத்தில் பங்கு வேண்டும் என்கிறவர்கள் குறைவு. நெல்லை எங்கே வைப்பது, இரண்டு படுக்கையறை வீட்டில் குதிருக்கு ஏது இடம் என்பது அடுத்த கேள்வி. டின்களில் பிரித்து வைக்கலாம், அடியில் நொச்சி இலை போட்டால் வண்டு அவ்வளவாக வராது. பட்டை தீட்டாத அரிசி வேகவில்லை என்று மாமியார் சொல்வது மூன்றாவது. முதல் நாள் இரவே ஊறவைக்கச் சொல்கிறார்கள் வயலில் இருப்பவர்கள்.